பீப்பா இறங்கும்வரை

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில், மாத்தளைப் பக்கத்தில் ஒரு புகைபோக்கி புகைந்தாலும் குற்றம், புகையாவிட்டாலும் குற்றம். புகைந்தால், எல்லாவற்றையும் மூடச்சொல்லி இரவில் துண்டு ஒட்டுகிற செங்கொடித் துண்டுக்காரர்கள் கேட்பார்கள். புகையாவிட்டால் ஆமிக்காரர்கள் கேட்பார்கள். இரண்டு தரப்பும் கேட்கிற விதம் ஒன்றுதான் என்பதால் சனங்கள் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டப் பழகியிருந்தார்கள்.

இரத்தோட்டை ரோட்டில் அப்துல் ஸமத் ஹாஜியாரின் மாஜரின் ஆலைக்கும் அப்படி ஒரு புகைபோக்கி இருந்தது. தேங்காயெண்ணெயைக் கெட்டியாக்கி, தகரத்தில் அடைத்து, நாவுலயிலிருந்து கண்டிவரை பேக்கரிகளுக்கு அனுப்புகிற சின்ன ஆலை. எண்ணெய் கெட்டியாக வேண்டுமானால் அதற்குள் ஹைட்ரஜன் கேஸை ஊத வேண்டும். அந்தக் கேஸை ஆலையின் பின்கட்டில், தண்ணீரிலிருந்தே எடுத்தார்கள். தண்ணீரிலிருந்து எரிகிற சாமான் எடுக்கிறார்கள் என்றால் யட்டவத்த சந்தையில் யாரும் நம்பமாட்டார்கள், ஹாஜியார் எண்ணெயில் என்னத்தையோ கலக்கிறார், அதை மறைக்கத்தான் இந்தக் கதை என்பார்கள்.

கேஸ் எடுக்கிற அறைக்கு ‘கேஸ் காம்பரா’ என்று பெயர். அதற்கு நோபர்ட்தான் ராஜா, மந்திரி, கூட்டித் துடைக்கிற ஆள் எல்லாம். பன்னிரண்டு இரும்புத் தொட்டிகளில் கோஸ்டிக் சோடா கலந்த தண்ணீர். அதற்குள் தகடுகள். தடித்த இரண்டு கேபிள் வழியாகக் கரண்டை விட்டால் தண்ணீர் இரண்டாகப் பிரியும். ஒரு குழாயில் ஹைட்ரஜன் போய் வெளியே இருக்கும் பீப்பாவில் சேரும். மற்றக் குழாயில் ஒக்சிஜன் கூரைக்கு மேலே போய்க் காற்றோடு கலந்துவிடும். பீப்பா என்பது தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து மிதக்கவிட்ட, தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பரா அளவு இரும்புப் பாத்திரம். கேஸ் சேரச் சேர உயரும், போகப் போகத் தண்ணீருக்குள் அமிழும். பன்னிரண்டு வருஷமாக நோபர்ட் அந்தக் காம்பராவுக்குள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. செருப்பின் அடியில் ஓர் ஆணி உரசினால் போதும், பொறி வரும் என்பான். வால்வு திருப்ப இரும்பு ஸ்பேனரைத் தொடமாட்டான், எல்லாம் பித்தளை.

சனிக்கிழமை கேட்டில் துண்டு ஒட்டியிருந்தது: திங்கள் முதல் ஆலையை மூடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஒரு லெப்டினன்ட் வந்து துண்டைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நாளைக்கு ஏழு மணிக்குப் புகை வரவேண்டும். புகை நின்றால், நிறுத்தினவன் எவன் என்று எனக்குப் பேர் வேண்டும்,” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய முகாம் சந்தியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் புகைபோக்கி நன்றாகத் தெரியும். ஹாஜியார் கொழும்பில் அகப்பட்டுக்கொண்டிருந்தார். முடிவெடுக்க ஆலையில் யாருமில்லை.

திங்கள் காலையில் நோபர்ட் அவித்த ஈரப்பலாக்காயையும் தேங்காய்ப்பூவையும் தின்றுகொண்டிருந்தான். கடைகள் மூடி ஆறு நாள், பேக்கரிப் பாணைக் கண்ணால் கண்டு ஆறு நாள். அவன் மனைவி ஜோசப்பின் ஆலையில் தகரம் அடைக்கிறவள். தன் தம்பி ரபாயேலுக்கும் பலாக்காயில் ஒரு துண்டு எடுத்து வைத்தாள். ரபாயேல் ஆலையின் எலெக்ட்ரீசியன். ஆவணியில் அவனை ஆமி பிடித்தது. பையில் குறடும் வயரும் இருந்ததுதான் காரணம். ஹாஜியார் யார் யாரையோ பிடித்து, நான்காம் நாள் வெளியே எடுத்தார். திரும்பி வந்தவனுக்கு இடது காது கேட்கவில்லை. அன்றிலிருந்து பேசுகிறவர் பக்கம் வலது காதைத் திருப்பி, தலையைச் சாய்த்துத்தான் நிற்பான். இரண்டாந்தடவை பிடிபட்டுத் திரும்பி வந்த எவரையும் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஜோசப்பினுக்கு அது இரவும் பகலும் நெஞ்சில் கிடந்தது.

“நோபட்டண்ணே,” என்று வாசலில் குரல் கேட்டது. அடுத்த காம்பரா பேச்சாயி. அவள் புருஷன் இருளாண்டி, ஆலையின் ஃபிட்டர். ஐந்து வாரத்துக்கு முந்தி, சந்தியில் பஸ்ஸிலிருந்து ஆமிக்காரர்கள் இறக்கியெடுத்துக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

“என்னா பேச்சாயி?”

“அந்த ஆமி பெரியவர் இன்னைக்கும் வருவாராமே. நீங்கதான் சிங்களம் நல்லாப் பேசுவீங்க. எங்க வூட்டுக்காரர எந்த கேம்ப்ல வச்சிருக்காங்கன்னு ஒரு வார்த்த கேப்பீங்களாண்ணே?”

“சமயம் பாத்துக் கேக்குறேன்.”

“கோவிச்சுக்கிட்டார்னா விட்டுருங்க. கோவப்படாம இருந்தா கேளுங்க.”

“சரி, சரி. நீ வேலைக்குப் போ.”

ஆறரை மணிக்கு பொயிலர் அடுப்பு பற்றியது. ஏழு மணிக்குப் புகை எழும்பியது. நோபர்ட் கரண்டைப் போட்டான். பத்து நாளைக்கு முன் யாரோ டிரான்ஸ்போமரைத் தகர்த்து கரண்ட் நின்றிருந்தது. அந்த அடியில், தொட்டிகளுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கிற ரெக்டிஃபயரும் பழுதாகி, அதைக் கழற்றி மாத்தளைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, நேற்றுத்தான் ரபாயேல் திரும்பப் பூட்டினான். நேற்று நோபர்ட் கோஸ்டிக் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான். இன்று லெப்டினன்ட் சொன்ன நேரம் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருக்க, கேபிளைத் திரும்ப ஒருதரம் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் விட்ட பெரிய பிழை அதுதான், அதை அவன் தன் ஆட்களிடம் மறைத்ததில்லை.

எட்டு மணிக்குச் சோதனை. எண்ணெய்க்குள் கேஸை விடுமுன் தினமும் செய்கிற வேலை. பீப்பாவிலிருந்து வரும் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியால் கேஸைப் பிடித்து, பெருவிரலால் வாயை அடைத்து, இருபது கெஜம் தள்ளி, கல்சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நெருப்பு வைக்க வேண்டும். சுத்தமான கேஸ் லேசாக ஊதி அமைதியாக எரியும். காற்றோ ஒக்சிஜனோ கலந்திருந்தால் குரைக்கும். ஆலையில் அப்படித்தான் சொல்வார்கள், ‘கேஸ் குரைக்குது’ என்று.

அன்று அது குரைத்தது. சுவருக்குப் பின்னால் தகரம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

நோபர்ட் இரண்டாவது குப்பி பிடிக்கவில்லை. ஓடிப்போய்க் கரண்டை நிறுத்தினான். பீப்பாவுக்குப் போகும் வால்வையும் எண்ணெய்த் தொட்டிக்குப் போகும் வால்வையும் பூட்டினான். பிறகு குனிந்து கேபிள்களைப் பார்த்தான். ஒன்றில் எப்போதும் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். அந்தத் துணி இல்லை. இரண்டு கேபிளும் ஒரே கறுப்பு, ஒரே தடிப்பு. அவனுக்கு விளங்கிவிட்டது. கேபிள் மாறிவிட்டது. ஒரு மணித்தியாலமாக ஹைட்ரஜன் கூரைக்குப் போக, ஒக்சிஜன் பீப்பாவுக்குள் போயிருக்கிறது. பீப்பாவுக்குள் பத்து நாளாக மிச்சமிருந்த ஹைட்ரஜனோடு அது கலந்து நிற்கிறது. ஒரு பொறி போதும். ஆலையும் போகும், பின்னால் இருக்கிற லயமும் போகும்.

ரபாயேல் வாசலில் வந்து நின்றான். நோபர்ட்டின் முகத்தைப் பார்த்ததும் அவன் கண் கேபிள்களுக்குப் போனது.

“மச்சான், ரெண்டும் ஒரே மாதிரி இருந்திச்சி. துணி இல்ல. எடது பக்கம்தான் பிளஸ்னு நெனப்பு இருந்திச்சி…”

“அத வுடு. பொயிலர் அடுப்பக் கிளறி எடுத்து தண்ணிய ஊத்து. ஒரு தணல் இருக்கப்படாது.”

“அடுப்ப அணைச்சா பொகை நிண்டுருமே மச்சான்! அவன் வந்துருவானே!”

“வரட்டும். வந்தா பேசிக்கலாம். இது வெடிச்சா பேச ஆள் இருக்காது.”

ரபாயேல் ஓடினான். ஜோசப்பினும் பேச்சாயியும் லயத்துக்கு ஓடி, காம்பரா காம்பராவாகத் தட்டி அடுப்புகளை அணைக்கச் சொன்னார்கள். கிழவிகளும் பிள்ளைகளும் தேயிலைப் பக்கம் மேலே ஏறினார்கள். நோபர்ட் பீப்பாவைச் சுற்றித் தண்ணீர் ஊற்றி, நனைத்த சாக்குகளை விரித்தான். இப்படியான நேரத்தில் நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் அதை விட்டு எல்லாவற்றையும் அலம்பிவிடலாம். லொறி ஓடாத காலத்தில் அதற்கு எங்கே போவது? பீப்பாவைத் தன் பாரத்தாலேயே அமிழவிட்டு, உள்ளே இருப்பதை உயரக் குழாயால் வானத்துக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் குழாய்களைத் தண்ணீரால் நிரப்புவது ஒன்றுதான் வழி. வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்தான்.

“இன்னும் கொஞ்சம் தொறங்க மச்சான்,” என்றான் திரும்பி வந்த ரபாயேல்.

“வேகமா வுட்டா குழாய் வாயிலயே பொறி வரும். மெதுவாத்தான்.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணித்தியாலம்.”

சாக்கை நனைத்துக்கொண்டிருந்த ஜோசப்பின் பக்கம் நோபர்ட் குனிந்தான். “அந்தச் செவப்புத் துணி எங்க புள்ள?”

அவள் கை நின்றுவிட்டது.

“நாந்தாங்க அவுத்தேன். வெசாழக்கெழம. ஆமி தேடுதலுக்கு வருதுன்னு சொன்னாங்க. செவப்புத் துணி வச்சிருந்தான்னுதானே எட்டாம் நம்பர் லயத்துல அந்தப் பையன அடிச்சுக் கொண்டுபோனாங்க. வூட்டுல இருந்த செவப்பெல்லாம் எரிச்சேன். எங் கல்யாணச் சேல முந்தானையக் கூட வெட்டி எரிச்சேன். கூட்டப் போனப்ப இது கண்ணுல பட்டிச்சி. ஒங்களத்தான் புடிப்பாங்கன்னு…” அவள் ரபாயேல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்தது. “எந் தம்பிய நானே தூக்கிக் குடுத்துட்டேனா?”

நோபர்ட்டுக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாட்களில் சிவப்புத் துணியை எரிக்காத வீடு அங்கே இல்லை. கோயிலில் பாதர்கூட வேதசாட்சி திருநாளின் சிவப்பு உடுப்பை எங்கேயோ ஒளித்துவைத்திருந்தார்.

“நானே அந்த ஆபீசர்கிட்ட சொல்லிருறேங்க. நான் செஞ்சதுதானே.”

“வாயத் தொறக்காத. ஆலைக்குள்ள செவப்புத் துணி எதுக்கு வச்சிருந்தீங்கன்னு அதுலருந்து புடிப்பான். நீ அழாம சாக்க நனை.”

புகை நின்று அரை மணித்தியாலத்தில் ஜீப் வந்தது. நோபர்ட் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என்னவென்றால், முதலில் குதித்து உள்ளே வந்த சோல்ஜரின் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது.

“கின்தர!” என்று நோபர்ட் சிங்களத்தில் கத்தினான். நெருப்பு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு துப்பாக்கியை நோக்கி ஓடினான். சோல்ஜர் துப்பாக்கியைத் தூக்கினான். நோபர்ட் அவன் முன்னால் முழங்கால் போட்டான். “மாத்தயா, அதை வெளியே கொண்டு போய் அணையுங்க. கீழே போட வேண்டாம். வெளியே. சுட வேண்டுமானால் என்னையும் வெளியே கொண்டுபோய்ச் சுடுங்க.”

பின்னால் வந்த லெப்டினன்ட் ஒரு வார்த்தை சொன்னார். சோல்ஜர் திரும்பிப் போனான். லெப்டினன்டுக்கு வயது இருபத்தாறுக்கு மேல் இராது. தூக்கமில்லாத கண்கள்.

“துண்டுக்குப் பயந்து நிறுத்திவிட்டு எனக்கு நாடகம் காட்டுகிறாயா?”

“இல்லை சேர். கேஸ் கலந்துவிட்டது. அந்தச் சுவருக்குப் பின்னால் வாங்க, காட்டுகிறேன்.”

குப்பியில் ஒரு பிடி கேஸை எடுத்துக்கொண்டு நடந்தான். சுவருக்குப் பின்னால் நெருப்புப் பெட்டியை லெப்டினன்டிடமே கொடுத்தான். அவர் குச்சியைக் கிழித்து வைத்தார். அது குரைத்த சத்தத்தில் ரோட்டில் நின்ற இரண்டு சோல்ஜர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். லெப்டினன்ட் தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அந்தப் பீப்பாவுக்குள் இப்படி எவ்வளவு இருக்கிறது?”

“இந்தக் குப்பியால் அளந்தால் லட்சக்கணக்கில், சேர்.”

லெப்டினன்ட் எல்லோரையும் ரோட்டுக்கு அப்பால் போகச் சொன்னார். ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் கேட்ட கேள்விக்குத்தான் நோபர்ட் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தான்.

“யார் செய்தது?”

“முதலில் இதை இறக்கிவிடுகிறேன் சேர். இதை இறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பகல் ஒரு மணிக்கு இறங்கிவிடும். அப்போது சொல்கிறேன்.”

“ஒரு மணி. பேர் இல்லாவிட்டால் நீ, உன் மனைவி, இவன் மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றுவேன்.” லெப்டினன்ட் ரபாயேலைப் பார்த்தார். சாய்ந்திருந்த அவன் தலையைப் பார்த்தார். “நீ ஒருதரம் எங்களிடம் வந்தவன்தானே?”

ரபாயேல் தலையை ஆட்டினான். அவர் ரோட்டைக் கடந்து போய்ப் பலா மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பீப்பா இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. பீப்பாவின் பக்கத்தில் அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தது. எட்டுக் கோடு தண்ணீருக்கு மேலே நின்றது. அரை மணிக்கு ஒன்றாக அமிழ்ந்தது. ஒவ்வொரு கோடு அமிழும்போதும் லயத்துக்கு ஆபத்து குறைந்தது, ரபாயேலுக்கு நேரம் குறைந்தது. வால்வை இன்னும் ஒரு மயிரளவு பூட்டினால் ஒரு மணி இரண்டு மணியாகும். அந்த நினைப்பு நோபர்ட்டுக்கு வந்தது. வந்ததற்காக வெட்கப்பட்டான். தன் ஆட்களின் அடுப்பு அணைந்து கிடக்கிறது, பிள்ளைகள் வெயிலில் மலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், இவன் கேஸை வைத்துக்கொண்டு நேரம் கடத்துவதா?

“மச்சான், நான் ஓடிறவா?” என்று ரபாயேல் சாக்கை நனைத்தபடி கேட்டான்.

“எங்க ஓடுவ?”

“ரிவர்ஸ்டன் பக்கம். காட்டுக்குள்ள.”

“காட்டுல துண்டுக்காரங்க இருக்காங்க. ரோட்டுல இவங்க இருக்காங்க. ஓடுனா நீதான்னு ஆயிரும்டா. நில்லு. நான் செஞ்சதாச் சொல்லிக்கிறேன்.”

“அக்காவும் புள்ளைங்களும்?”

நோபர்ட் இன்னொரு சாக்கை எடுத்து விரித்தான். பன்னிரண்டு வருஷம் இங்கே வேலை செய்தவன், ஒருதரமும் பிடிபடாதவன், தன்னை அடித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

பதினொன்றரைக்கு ரிவர்ஸ்டன் உச்சியை மேகம் மூடியது. ஐப்பசி மழை எப்போதும் பிற்பகலில்தான் வரும், அன்று அவசரப்பட்டது. முதல் இடி தூரத்தில் உருண்டது. நோபர்ட் உயரக் குழாயை அண்ணாந்து பார்த்தான். கேஸ் வெளியேறிக்கொண்டிருக்கும்போது மின்னல் அதில் இறங்கினால் குழாய் வழியாக நெருப்பு பீப்பாவுக்கே வரும். வால்வைப் பூட்டினால் அரைப் பீப்பா கேஸோடு மின்னலுக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். திறந்தே விட்டால் மின்னலுக்கு முன்னால் இறங்கிவிடலாம், இறங்காமலும் போகலாம்.

“எத்தன கோடு?” என்று ஜோசப்பின் கேட்டாள்.

“மூணு.”

“அருள் நிறைந்த மரியே,” என்று தொடங்கினாள். ரபாயேலும் சேர்ந்துகொண்டான். பேச்சாயி போகச் சொல்லியும் போகாமல் மலையூற்றுப் பீலியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் செபம் தெரியாது. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே ஊற்றினாள். நோபர்ட் பித்தளை ஸ்பேனரை வால்வில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கால் சுற்றில் பாதி மட்டும் திருப்பினான். குழாயின் சீறல் கொஞ்சம் கூடியது.

இரண்டு கோடு. இடி நெருங்கியது. ஒரு கோடு. முதல் துளிகள் பெரிது பெரிதாகப் பீப்பாவின் மேல் விழுந்தன. பிறகு பீப்பா அடியைத் தொட்டது. சீறல் நின்றது. நோபர்ட் வால்வைப் பூட்டிவிட்டு, குழாய்களுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டான். உயரக் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் வழிகிறவரை நின்று பார்த்தான். வழிந்தது. அடுத்த நிமிஷம் மின்னல் எதிர்மலையில் இறங்கி, ஊரே வெள்ளையாகிக் கறுத்தது. ஜோசப்பின் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நோபர்ட்டுக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம். அரை நிமிஷம் அது நிலைத்தது.

லெப்டினன்ட் மழைக்குள் ரோட்டைக் கடந்து கேஸ் காம்பராவின் தாழ்வாரத்துக்குள் வந்தார். பேச்சாயி வெறும் வாளியோடு பீலிக்குப் போயிருந்தாள். அவர் பேனையைத் திறந்தார்.

“முடிந்ததா?”

“முடிந்தது சேர்.”

“பேர்?”

நான்தான் சேர், என்று சொல்ல நோபர்ட் காலையிலிருந்து நாலைந்து தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தான். ஜோசப்பினைப் பார்த்தான். அவள் உதடு திறக்கப் போவது தெரிந்தது. ரபாயேலைப் பார்த்தான். அவனும் வலது காதைத் திருப்பிக்கொண்டு, சொல்லத் தயாராகத்தான் நின்றான். மூன்று பேரில் ஒருவர் பேசுவதற்கு இன்னும் ஒரு நொடி இருந்தது.

“இருளாண்டி,” என்றான் நோபர்ட். “ஃபிட்டர் இருளாண்டி. முந்தி அவன்தான் கேபிளைக் கழற்றி மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நாங்கள் கவனிக்கவில்லை.”

சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருந்தான். எங்கே அவன் என்று கேட்பார். உங்கள் ஆட்கள்தான் கொண்டுபோனார்கள் சேர், எந்த முகாமில் என்று தெரியவில்லை என்று சொல்லலாம். பேச்சாயி கேட்கச் சொன்னதையும் கேட்டுவிடலாம். உயிரோடு இருக்கிறவனுக்கு இந்தப் பழியால் இன்னும் நாலு அடி விழும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதையும் தாங்கித்தான் சொன்னான்.

லெப்டினன்ட் எங்கே என்று கேட்கவில்லை. நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். ஐந்து வாரத்துக்கு முந்திய தாள். நோபர்ட்டுக்குச் சிங்கள எழுத்துத் தெரியும், தலைகீழாக இருந்தாலும் வாசிப்பான். இருளாண்டி என்று எழுதி, அதன்மேல் நேராக ஒரு கோடு இழுத்திருந்தது. மேலும் கீழும் இருந்த பேர்களிலும் அதே மாதிரிக் கோடுகள். கோடிட்ட அந்தப் பேருக்குப் பக்கத்தில் லெப்டினன்ட் சின்னதாக ஒரு வரி எழுதி, நோட்டை மூடினார்.

“சரி. இது முடிந்த விஷயம்,” என்றார். தொப்பியைச் சரிசெய்தார். “நாளைக்கு ஏழு மணிக்குப் புகை வரவேண்டும்.”

ஜீப் போய்விட்டது. ரபாயேல் நனைந்த சாக்குகளை ஒவ்வொன்றாகச் சுருட்டத் தொடங்கினான். ஜோசப்பினும் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள், புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. மூவரும் மழை குறையக் காத்திருந்து லயத்துக்கு நடந்தார்கள்.

லயத்தில் அடுப்புகள் திரும்பவும் புகைந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கிச் சேற்றில் ஆடினார்கள். பேச்சாயி எல்லோருக்கும் முந்தி வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். நனைந்த சேலையை மாற்றாமலே ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணியும் கையில் ஒரு துண்டு சக்கரையும் கொண்டுவந்து நோபர்ட்டிடம் நீட்டினாள்.

“குடிங்கண்ணே. இன்னைக்கு இந்த லயத்துல அத்தன உசிரும் ஒங்களாலதான் இருக்கு.”

நோபர்ட் கோப்பையை வாங்கினான். வாங்காமல் இருக்க ஒரு காரணம் சொல்லியிருக்கலாம், ஒன்றும் தோன்றவில்லை. ஜோசப்பின் விறுவிறு என்று உள்ளே போய்விட்டாள்.

“கேட்டீங்களாண்ணே?”

“இல்ல பேச்சாயி. கேக்கல.”

“இடியும் மழையுமா இருந்திச்சில்ல. அதுக்குள்ள எங்க கேக்குறது.” அவன் சங்கடப்படுகிறானே என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. “நாளைக்கும் வருவார்ல. அப்பக் கேளுங்க. சும்மா எங்க ஆலையில ஒருத்தர்னு கேட்டா அவருக்குத் தெரியாதுண்ணே, எத்தன பேரப் புடிக்கிறாங்க. இருளாண்டின்னு பேரச் சொல்லிக் கேளுங்க. பேரச் சொன்னாத்தான் அவருக்கு ஞாபகம் வரும்.”

“சரி,” என்றான் நோபர்ட்.